பள்ளி வேனில் ஒய்பிக்கு இடமில்லை

ஜாசின்
4 மார்ச் 2025

அண்ணே,

குடும்பக் குரூப்பிலிருந்து வெளியே போய்விட்டீர்கள். என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்களாம், ராஜம்மா அண்ணி சொன்னார். நல்லது. கடிதத்தை பிளாக் பண்ண உங்கள் போனில் வழி இல்லை, அதனால் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டால் இன்னொன்று வரும். என் பிடிவாதம் கடையில் வாங்கியது இல்லை, நம் வீட்டில் விளைந்ததுதான்.

போன வாரம் சட்டமன்றத்தில் நான் பேசியதில் அரை நிமிடத்தை மட்டும் வெட்டி யாரோ பரப்பிவிட்டார்கள். "தோட்டப் பள்ளியை மூடச் சொல்லிட்டா மலர்க்கொடி" என்று நீங்களும் நம்பிவிட்டீர்கள். மூடச் சொல்லவில்லை அண்ணே. செங் டவுனுக்கு மாற்றச் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை.

புக்கிட் செம்பாகா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இன்றைக்குப் பதினொரு பிள்ளைகள். அதில் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்றே பேர். மீதி எட்டுப் பேரையும் விடிவதற்கு முன்னால் செங் அடுக்குமாடியிலிருந்து நீங்கள்தான் வேனில் ஏற்றி வருகிறீர்கள். தோட்டத்தில் பிள்ளை இல்லை என்று டவுனிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து தோட்டத்துப் பெஞ்சில் உட்கார வைக்கிறோம். ஊர் உலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்வார்களா? அந்தப் பள்ளியில் இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்திவிட்டுத்தான் வேலையை விட்டுத் தேர்தலில் நின்றேன். அந்தப் பிள்ளைகள் முதல் பாடத்தில் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவது எனக்குத் தெரியும். தூங்குகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

தொழிற்சாலை வேலைக்குப் போன நம் சனங்கள் எல்லாரும் இப்போது செங்கில்தான் இருக்கிறார்கள். அங்கே வீடமைப்புப் பகுதியில் பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலம் லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. வருஷ முடிவுக்குள் நாம் கேட்காவிட்டால் அது வேறு எதற்காவது போய்விடும். செங் என் தொகுதிகூட இல்லை. பள்ளி அங்கே போனால் எனக்கு ஒரு ஓட்டும் கூடப்போவதில்லை, இருப்பதும் போகும். கட்சியில் இதைச் சொல்லித்தான் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

உங்கள் தங்கை,
மலர்க்கொடி


நியாலாஸ்
19 மார்ச் 2025

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர், ஒய்பி அவர்களுக்கு,

பள்ளி மேலாளர் வாரியத் தலைவரும், மாரியம்மன் ஆலயத் தலைவரும், ஓய்வு பெற்ற லாரி டிரைவருமான பெரியதம்பி எழுதிக்கொள்வது. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நீ பேசியதை முழுசாகத்தான் கேட்டேன். என் மகன் நிவேந்திரன் போனில் போட்டுக் காட்டினான். அரை நிமிஷம் பார்த்தபோது வயிறு எரிந்தது. முழுசாகப் பார்த்தபோது நெஞ்சும் சேர்ந்து எரிந்தது.

உன்னை அங்கே உட்கார வைத்தது யார்? கொளுத்துகிற வெயிலில் செம்பனை மரத்துக்கு மரம் கொடி கட்டினது யார்? "நம்ம டீச்சர் நிக்கிறாங்க, மறந்துடாதீங்க" என்று வீடு வீடாகப் போய் உன் அண்ணிக்குக் கால் வீங்கினது மறந்துபோச்சா? ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறவளை நான் பார்த்ததில்லை. இப்போது என் வீட்டிலேயே பார்க்கிறேன்.

நீ படித்தவள். ஒரு விஷயம் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடினான். ஆள் இல்லை என்றான். பிறகு தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தான். ஆள் இல்லை என்றான். இன்றைக்கு ரோடு போட்டுத் தண்ணி விடுகிறான் என்றால், பள்ளி இருக்கிறது, அதனால் விடுகிறான். பள்ளி போனால் அடுத்தது ஆத்தா கோயில். அம்மனை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? செங் அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடியிலா?

அதனால்தான் வேன் ஓட்டுகிறேன். செங்கில் இருக்கிற என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வேனில்தான் வருகிறார்கள். ஊரான் பிள்ளையை ஏற்றிவிட்டு என் பிள்ளையை ஏசி காரில் அனுப்புகிற ஆள் நான் இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு வழக்கம்போலப் பரிவட்டம் கட்டி மாலை போடுவோம். இந்த வருஷம் உனக்குக் கிடையாது. மைக்கில் உன் பெயரைச் சொல்லமாட்டேன். நாற்காலியும் இல்லை. இது கமிட்டி முடிவு. கமிட்டி நான்தான்.

பதில் கேட்டு வந்த உன் ஆபீஸ் ஆள் தினேஷ்வரன் மைலோ குடித்துவிட்டுப் போகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

இப்படிக்கு,
பெரியதம்பி, தலைவர்


ஜாசின்
15 மே 2025

அண்ணே,

நாற்காலி இல்லாத திருவிழா நன்றாகவே இருந்தது. மூன்று வருஷமாக மேடையில் உட்கார்ந்து சாமி முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை. இந்தத் தடவை மஞ்சள் சேலை கட்டி, பால்குடம் தூக்கி, தொழிற்சாலைப் பெண்களோடு நடந்தேன். நீங்கள் மைக்கில் எஸ்டேட் மானேஜரைக் கூப்பிட்டீர்கள், போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டீர்கள், எங்கள் கட்சியின் தொகுதித் தலைவர் தங்கராஜுவை இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். என் பெயர் வரவில்லை. பக்கத்திலிருந்த அம்மா, "என்ன டீச்சர், ஒங்கள விட்டுட்டாங்க?" என்று கேட்டார். "எங்க அண்ணன் கோவமா இருக்காரு, அம்மன் இல்ல" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பால் பாதி கொட்டிவிட்டது.

அன்னதானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றி வந்தது நீங்கள். என் இலைக்கு வந்ததும் கரண்டி நின்றது. பிறகு ஊற்றினீர்கள் பாருங்கள், இலையைத் தாண்டி என் சேலை வரைக்கும் ஓடியது. கோபத்திலும் தாராளம்தான் உங்களுக்கு.

நேற்று விடியற்காலையில் செங் அடுக்குமாடி வாசலில் நான் நின்றதைப் பார்த்து நீங்கள் பிரேக் போட்ட சத்தம் நாலாவது மாடிக்குக் கேட்டிருக்கும்.

"எங்க வர்றீங்க?" என்றீர்கள். எனக்குப் போய் மரியாதையாக 'நீங்க' போட்டீர்கள்.

"பள்ளிக்கு."

"இது பள்ளி வேன். ஒய்பிக்கு எடமில்ல."

"டீச்சருக்கு?"

உங்கள் பேரன்தான் நகர்ந்து இடம் விட்டான்.

அந்த அடுக்குமாடியில் இருக்கிற வாணி, தொழிற்சாலையில் ஏழு மணி ஷிப்டுக்கு ஆறு மணிக்குள் கம்பெனி பஸ் ஏற வேண்டுமாம். மகள் யாழினிக்கு அரைத் தூக்கத்திலேயே யூனிபார்ம் மாட்டித் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். "டீச்சர், இன்னும் பசியாறல லா. பையில ரொட்டி இருக்கு, எழுந்தா குடுங்க" என்று ஓடினாள். குழந்தை எழவே இல்லை. வழியில் டுரியான் துங்கால் ஊர் போனது, செலண்டார் ஊர் போனது, வளைவுக்கு வளைவு அவள் தலை என் மார்பில் உருண்டது. நீங்கள் ஒரு குழியில்கூட வேனை இறக்கவில்லை. பள்ளி வந்ததும் அவளை எழுப்பாமல் நீங்களே தோளில் போட்டுக்கொண்டு போய், வகுப்பில் பையைத் தலைக்கு வைத்துக் கிடத்தினீர்கள். அதைப் பார்த்ததும் உங்கள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. ஒரு மனிதர் இவ்வளவு பாசமாக ஒரு தப்பைச் செய்ய முடியுமா என்று நினைத்துக்கொண்டேன்.

மீதிப் பாதிக் கோபம் அப்படியே இருக்கிறது. ஆறு வயசுப் பிள்ளையின் தூக்கத்தை விற்றுத்தான் நம் பள்ளி நிற்க வேண்டுமா?

மலர்


நியாலாஸ்
2 ஜூன் 2025

மலருக்கு,

ரசம் கை தவறிக் கொட்டியது. அதற்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடிக்காதே.

வேனில் ஏறியது மகா தப்பு. இப்போது தினமும், "தாத்தா, டீச்சர் எப்ப வருவாங்க" என்று எட்டுப் பேரும் என் உயிரை எடுக்கிறார்கள். தூக்கத்தை விற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது வருஷம் லாரி ஓட்டினவன். என்னைக் குடிகாரன் என்று யாரும் சொன்னதில்லை, திருடன் என்று சொன்னதில்லை. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறவன் என்று என் தங்கச்சி சொல்லிவிட்டாள்.

இன்னொரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். முதுகில் குத்துகிற பழக்கம் எனக்கில்லை. தங்கராஜு வீட்டுக்கு வந்தார். பலகாரத் தட்டோடு வந்தார். "அண்ணே, பள்ளி எங்கயும் போகாது. இங்கயே புதுக் கட்டடம் கட்டித் தர்றோம். நீங்க மேடையில நின்னு, தங்கச்சி பேசினது தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். சொந்த அண்ணனே சொன்னா எடுபடும் லா. அடுத்த தேர்தல்ல வேற ஆளப் போட்டுக்கறோம்" என்றார்.

சரி என்றேன். வருகிற 21ஆம் தேதி, சனிக்கிழமை, பள்ளித் திடலில் நிகழ்ச்சி. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். நான் பேசுவேன்.

அன்றிலிருந்து உன் அண்ணி எனக்குச் சோறு போடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தங்கராஜுவின் பலகாரத்தைக் கோழிக்குப் போட்டுவிட்டாள். உனக்கு இதில் சந்தோஷமாக இருக்கும்.

பெரியதம்பி


ஜாசின்
9 ஜூன் 2025

அண்ணே,

போங்கள். பேசுங்கள். நான் தடுக்கமாட்டேன், அழமாட்டேன், அண்ணியைத் தூது விடமாட்டேன். உங்கள் மனதில் தப்பென்று பட்டால் மேடையில் சொல்லுங்கள். தங்கராஜு சொல்லச் சொன்னார் என்பதற்காக மட்டும் சொல்லாதீர்கள். அது நம் வீட்டுக்கு அழகில்லை.

கட்சியிலிருந்து எனக்கும் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டுமாம். இல்லாவிட்டால் நடவடிக்கையாம். திரும்பப் பெறுவதற்கு அது என்ன, நான் கடனாகக் கொடுத்த சட்டியா? மறுபடியும் எழுந்து அதையேதான் சொல்லப் போகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பள்ளி மத்திய அரசின் விவகாரம். நான் சட்டமன்றத்தில் கத்தலாம், அவ்வளவுதான். இடம் மாற்ற வாரியத் தலைவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது நீங்கள். நீங்கள் மாட்டேன் என்றால் பள்ளி அங்கேயே இருக்கும், செங் நிலம் போய்விடும். முடிவு என் கையில் இல்லை. உங்கள் கையில் இருக்கிறது.

கோயிலைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. அதை நான் யோசிக்கவில்லை. படித்த அன்றே நில அலுவலகத்துக்குப் போனேன். நிலம் மாநிலத்தின் விவகாரம், அங்கே நான் வெறும் ஆள் இல்லை. கோயில் நிலத்தைத் தோட்டத்திலிருந்து பிரித்துத் தனிப் பட்டா கொடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். கட்சி என்னைத் தூக்கிப் போடுவதற்குள் அது நகர வேண்டும் என்று தினமும் போய் நிற்கிறேன். அங்குள்ள அதிகாரி என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறார்.

நீங்கள் எனக்கு எதிராகப் பேசினாலும் அந்த மனுவை நான் கைவிடமாட்டேன். அம்மனுக்கும் எனக்கும் சண்டையில்லை.

மலர்


நியாலாஸ்
24 ஜூன் 2025

மலருக்கு,

சனிக்கிழமை நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்வதை மட்டும் நம்பு.

படம் எடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று தங்கராஜு சொன்னார். பள்ளி இல்லாத நாளிலும் வழக்கம்போல விடியுமுன் போய் எட்டுப் பேரையும் ஏற்றி வந்தேன். எட்டு மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய நிகழ்ச்சி. பெரிய தலை ஒருவர் வரவேண்டுமாம், பத்தரை ஆகியும் வரவில்லை. தகரக் கொட்டகை. வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகளை மேடையில் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வாணியின் மகள் நாற்காலியில் சரிந்து தூங்கிவிட்டது.

எனக்கு மாலை போட்டார்கள். புதுக் கட்டடத்தின் படத்தைப் பெரிய பலகையில் அடித்து நிறுத்தியிருந்தார்கள். பெரிய தலையின் கார் உள்ளே வந்தது. உடனே தங்கராஜுவின் ஆள் ஒருவன், "எழுப்பு, எழுப்பு, படத்துல தூங்கற மாதிரி விழுந்துடும்" என்று சொல்லிக்கொண்டே யாழினியின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். குழந்தை எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் வீரிட்டு அழுதது. அவன், "சிரி, சிரி" என்றான்.

என் வேனில் தூங்குகிற பிள்ளையை ஒரு நாளும் நான் கைபிடித்து இழுத்ததில்லை, மலரு. ஒரு நாளும் இல்லை.

மைக் என் கையில்தான் இருந்தது. "தங்கச்சி பேசினது தப்பு" என்று சொல்ல எழுந்தவன் நான். முந்தின ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "இந்தப் புள்ள காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருச்சது. ஒங்க படத்துக்காக இன்னொரு வாட்டி எழுந்திருக்காது" என்றேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தங்கராஜு பின்னாலேயே ஓடி வந்தார். "அண்ணே, எங்க போறீங்க? புதுக் கட்டடம் வேணாமா?" என்றார். "கட்டடத்த கட்டிடுவீங்க. புள்ளைங்கள ஏத்திட்டு வர்றது யாரு, நீயா?" என்று கேட்டேன். டிரைவர் போடுவார்களாம். வாயில் வந்ததை எல்லாம் கடிதத்தில் எழுத முடியாது.

எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு செங் வந்ததும் நீ எழுதின அந்த நிலத்தின் ஓரமாக வேனை நிறுத்தினேன். லாலான் இடுப்பளவு நிற்கிறது. சும்மா பார்க்கலாம் என்றுதான் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லாம் இறங்கி, "தாத்தா, போயிட்டு வர்றோம்" என்று நடந்தே வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். யாழினியும் முழித்துக்கொண்டு அவர்களோடு ஓடியது. கண்ணுக்கு எட்டின தூரத்தில் வீடு. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. காலி வேனில் நான் மட்டும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அதை அண்ணியிடம் சொல்லாதே.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கேட்டுக்கொள். பள்ளியின் பெயரில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. செங்கில் ஒரு மரம்கூட இல்லாவிட்டாலும் அது புக்கிட் செம்பாகா தோட்டத் தமிழ்ப்பள்ளிதான். கோயில் பட்டா வரும்வரை நீ நில அலுவலகத்தை விடக்கூடாது. தோட்டத்தில் இருக்கிற மூன்று பிள்ளைகளும் விட்டுப்போகக் கூடாது. செங் வரை அவர்களை யார் ஏற்றிப் போவது என்று கேட்காதே. வேன் இருக்கிறது, நானும் இருக்கிறேன். மூன்று பேர்தானே, வேனில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கட்டும்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. நீ சொன்னது சரியாகப் போய்விட்டதே, அந்தக் கோபம்.

பெரியதம்பி


ஜாசின்
20 ஆகஸ்ட் 2025

அண்ணே,

சட்டமன்றத்தில் மறுபடியும் அதையே பேசிவிட்டேன். எழுந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள், நேரம் முடிந்தது என்று மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாத மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த தொண்டை இது. அப்படியே பேசினேன். உட்காருங்கள் என்றார்கள். உட்காரவில்லை. வெளியே போகச் சொன்னார்கள். முடித்துவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் ஒரு மலாய்க்கார உறுப்பினர், அவரும் பழைய வாத்தியார்தான், "செகு, குரல் நல்லா கேட்டுச்சு" என்று என்னை டீச்சராகவே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

செங் குடியிருப்போர் சங்கத்தில் சிலர், டவுனில் வந்த பிறகு பெயரில் தோட்டம் எதற்கு, வெட்கமாக இருக்கிறது என்றார்கள். "அந்தத் தோட்டத்துலதான் ஒங்க அப்பாவுக்குச் சோறு கெடச்சுது, எதுக்கு வெக்கம்?" என்றேன். பெயர் மாறாது. கோயில் மனு மாநில ஆட்சிக்குழு வரைக்கும் போய்விட்டது, விடமாட்டேன்.

நேற்றுக் கட்சியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். தேர்தல் எப்போது வந்தாலும் சுயேச்சையாக நிற்பேன். முன்மொழியவும் வழிமொழியவும் தொகுதி வாக்காளர் இரண்டு பேர் வேண்டும். வாக்குக் கொடுத்த இரண்டு பேரும் பின்வாங்கிவிட்டார்கள். ஒருவருக்குக் கடை லைசன்ஸ் பயம், ஒருவருக்கு மகன் வேலை பயம். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் என் தொகுதிச் சேவை மையத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இத்தனை பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், என் பெயருக்குக் கீழே எழுத ஒரு கை இல்லையா என்று இருந்தது.

உங்களைக் கேட்கமாட்டேன். கேட்டால் தங்கச்சி என்று செய்வீர்கள். எனக்கு அது வேண்டாம். ஆள் கிடைக்காவிட்டால் தேடுவேன். கிடைக்கும்வரை தேடுவேன்.

மலர்


நியாலாஸ்
31 ஆகஸ்ட் 2025

மலரு,

நீ கேட்கவில்லை. அதனால் நான் யாரிடமும் அனுமதி வாங்காமல் சொல்கிறேன். முன்மொழிபவர், பெரியதம்பி. வழிமொழிபவர், ராஜம்மா. இரண்டு பேரும் இந்தத் தொகுதியில் வாக்காளர்கள்தான், போய்ச் சரிபார்த்துக்கொள். தங்கச்சி என்று செய்யவில்லை. தங்கச்சியாக நீ எனக்கு ஆறு மாதமாகத் தலைவலிதான்.

தங்கராஜு ஆள் அனுப்பியிருந்தார். "அண்ணே, ஒங்க நல்லதுக்குச் சொல்றேன், ஒதுங்கிக்குங்க" என்றான். உன் அண்ணி அவன் கையில் பழைய பலகாரத் தட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கழுவித்தான் கொடுத்தாள்.

ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்.

"மலரு ஜெயிச்சுருமா?"

"கஷ்டம்."

"அப்ப தோத்துட்டா?"

"தோத்துட்டா டீச்சர். அதுக்கு எவன் ஓட்டும் வேண்டியதில்ல" என்றேன்.

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் முகம் பார்த்துப் பேசினாள்.

வேட்புமனு அன்றைக்குக் கூட்டம் சேர்க்காதே, மாலை மேளம் எதுவும் வேண்டாம். நாம் மூன்று பேரும் நடந்தே போவோம். கட்சிக்காரன் எவனாவது வழியில் நின்று மறித்தால் நீ பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஹாரன் அடித்துத்தான் பழக்கம், ஒதுங்கிப் பழக்கமில்லை.

உன் அண்ணன்,
பெரியதம்பி